பூஜை அறைச் சாமான்கள்: வாங்குவதும் துலக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வீடு குடிபோகிறவர்கள், பெண்ணுக்குச் சீர் வாங்குகிறவர்கள், மாமியார் கொடுத்த பழைய விளக்கை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்கள் என்று பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் சாஸ்திரம் படித்தவளும் இல்லை, பாத்திரக்கடை வைத்திருப்பவளும் இல்லை. முப்பது வருடமாக வியாழக்கிழமை தோறும் விளக்கு துலக்குகிறவள், அவ்வளவுதான். சம்பிரதாயம் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு மாறாகச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள். உலோகம் பற்றிச் சொல்வதை மட்டும் என் பேச்சாகக் கேட்கலாம்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு விளக்கு, ஒரு மணி, கற்பூரத் தட்டு, தீர்த்தம் வைக்கப் பஞ்சபாத்திரமும் அதை எடுக்க உத்தரணி என்கிற சின்னக் கரண்டியும், பூவும் பழமும் வைக்க ஒரு தாம்பாளம், குங்குமச் சிமிழ், நைவேத்தியத்துக்கு ஒரு கிண்ணம். தூபம் போடும் வழக்கம் இருந்தால் தூபக்கால். இது போதும். கடையில் ‘பூஜை செட்’ என்று இருபது இருபத்தைந்து உருப்படியைப் பெட்டியில் அடுக்கித் தருவார்கள். பார்க்க அழகுதான். மூன்றாவது மாதம் அதில் பாதி, பரணில் கறுத்துக் கிடக்கும். நான் சொல்லும் கணக்கு ஒன்றே ஒன்று: ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எத்தனை சாமானை உங்களால் துலக்கித் துடைத்து எடுக்க முடியுமோ, அத்தனை வாங்குங்கள். சீருக்கு வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். துலக்கப் போகிறவள் உங்கள் பெண்.

பித்தளை, வெண்கலம், செம்பு, வெள்ளி – எதற்கு எது?

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பித்தளை மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். விளக்கு, தாம்பாளம், தூபக்கால் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். வெண்கலம் கொஞ்சம் மங்கிய நிறம், கனம் அதிகம், கீழே விழுந்தால் விரிசல் விடக்கூடியது. ஆனால் நாதம் அதற்குத்தான். அதனால் மணி மட்டும் வெண்கலத்தில் வாங்குங்கள். பஞ்சபாத்திரம் செம்பிலோ வெள்ளியிலோ இருப்பது வழக்கம். செம்பு இரண்டே நாளில் நிறம் மாறிவிடும். தினமும் தேய்க்கிறவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

வெள்ளியைப் பற்றி என் அபிப்பிராயம்: சின்னதாக ஒன்றிரண்டு இருக்கலாம். பெரிய வெள்ளிச் சாமான்கள் கடைசியில் வங்கி லாக்கருக்குத்தான் போகின்றன. லாக்கரில் இருக்கும் விளக்கை யார் ஏற்றுவது?

குத்துவிளக்கு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

குத்துவிளக்கு என்றால் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் நாச்சியார்கோவில்தான். கோவிலுக்குப் போகிறவர்கள் கல் கருடனைப் பார்ப்பார்கள், திரும்பும்போது கடைவீதியில் விளக்கு பார்ப்பார்கள். அங்கே செய்யும் விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆற்று வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, பிறகு கடைசல் பிடித்து மெருகேற்றுகிறார்கள். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அல்லது பிரபை என்று தனித்தனியாக வார்த்து, மறை போட்டு ஒன்றோடு ஒன்று திருகிச் சேர்ப்பார்கள்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது மறை. கடையிலேயே விளக்கை முழுக்கக் கழற்றி நீங்களே திரும்ப மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மறை தேய்ந்திருந்தால் தண்டு ஆடும், தட்டு ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்து முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கும். மறை கழன்ற ஆளைக்கூட வீட்டில் வைத்துச் சமாளித்துவிடலாம், மறை கழன்ற விளக்கைச் சமாளிக்க முடியாது.

அடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு செய்தித்தாள் மேல் கால் மணி நேரம் வையுங்கள். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் தாள் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். திரி வைக்கும் மூக்கு ஆழமாக இருக்கிறதா, பாதம் அகலமாகக் கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே கனமும் கீழே இலேசுமாக இருக்கும் விளக்கு, குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. விளக்கை எடை போட்டு விற்பார்கள். தண்டு கெட்டியா, உள்ளே குழாயா என்று கேட்டுவிட்டு எடையைப் பாருங்கள்.

இரவு முழுக்க எரிய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குத் தூண்டாமணி விளக்கு இருக்கிறது. தொங்கும் விளக்கில் மேலே ஒரு மூடிய கிண்ணம், அதில் எண்ணெய். கீழே தட்டில் எண்ணெய் குறைந்ததும் துளை வழியாகக் காற்று உள்ளே போகும், அந்த அளவுக்கு எண்ணெய் இறங்கும். அந்தக் காலத்து ஆட்களின் மூளையை நினைத்து நான் இன்னும் வியந்துகொண்டுதான் இருக்கிறேன்.

மணியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காதால். கைப்பிடியைப் பிடித்து ஒரே ஒரு முறை தட்டி, சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். பித்தளை மணி ‘டங்’ என்று அடித்து உடனே ஓய்ந்துவிடும். நல்ல வெண்கல மணி இழுத்துக்கொண்டு போகும். நாக்கு தொங்கும் வளையம் மெலிந்திருந்தால் வேண்டாம், முதலில் அறுந்து போவது அதுதான். கைப்பிடியில் நந்தியா, கருடனா, சங்கு சக்கரமா என்பது உங்கள் வீட்டு வழக்கம். மணி அடிப்பது தேவர்களை அழைக்கவும் அசுரர்களை விரட்டவும் என்று சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரரை விரட்டாத அளவுக்குச் சின்ன மணியாக வாங்குவது அடுக்குமாடியில் உத்தமம்.

வெள்ளி என்று சொல்லி ஏமாற்றுவார்களா?

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒன்று, ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது, அதில் துளி வெள்ளி கிடையாது. ஜெர்மன் சில்வர் என்றே சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் தவறில்லை. இரண்டு, உள்ளே அரக்கு நிரப்பிய வெள்ளி. மெல்லிய தகட்டில் உருவம் அடித்து, நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கு வைப்பார்கள். வாங்கும்போது மொத்த எடைக்கும் வெள்ளி விலை போட்டுவிட்டால் போச்சு. என் தங்கை ஆசையாக வாங்கிய ஒரு விளக்கு அப்படித்தான். மாற்றப் போனபோது கடைக்காரர் அரக்கைக் கழித்துவிட்டு எடை சொன்னார், பாதிக்கும் கீழே வந்தது. பில்லில் வெள்ளியின் நிகர எடையையும் தரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம்.

பித்தளைச் சாமானை எப்படித் துலக்குவது?

முதலில் எண்ணெய், அப்புறம்தான் கறுப்பு. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, போகவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருந்தால் புளி உள்ளே இறங்காது. பழைய துணியால் விளக்கைத் துடைத்து, அரிசி மாவோ சலித்த சாம்பலோ போட்டுத் தேயுங்கள். எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். மூக்கில் கரியோடு கெட்டியாகிப்போன பிசுக்குக்குச் சுடுதண்ணீரில் சலவைச் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும்.

அடுத்து புளி. புளியில் இருக்கும் அமிலம் உலோகத்தின் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கிறது, கொஞ்சம் கல்லுப்பு சேர்ந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். எலுமிச்சை மூடியும் இதே வேலையைச் செய்யும். தேங்காய் நாரால் தேயுங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கு வைத்திருக்கும் கம்பி நாரைக் கிட்டே கொண்டுவராதீர்கள், கீறல் விழும். கீறலில் அழுக்கு சேரும், அப்புறம் ஆயுசுக்கும் போகாது.

தேய்த்ததும் நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். புளியும் உப்பும் ஒட்டியிருந்தால் இரண்டாம் நாளே பச்சை பூக்கும். உடனே உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் வெயில் காட்டுங்கள். என்னைக் கேட்டால் துலக்குவதில் பாதி வேலை துடைப்பதுதான். சொட்டச் சொட்டக் கவிழ்த்து வைத்த விளக்கில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் புள்ளி விழுந்துவிடும். ஈரம் முழுக்கப் போன பிறகே சந்தனம் குங்குமம் வையுங்கள்.

இரவு முழுக்கப் புளியில் ஊறவைத்தால் சுலபமாகப் போகுமா?

கறுப்பும் போகும், விளக்கும் போகும். கல்யாணமான புதிதில் நான் இந்தச் சோம்பேறித்தனத்தைச் செய்தேன். சாயங்காலம் காமாட்சி விளக்கைப் புளித்தண்ணீரில் போட்டுவிட்டு மறந்து தூங்கிப்போய், காலையில் எடுத்தால் ரோஸ் நிறத்தில் இருந்தது. அமிலத்தில் நேரம் கூடினால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்து வெளியேறி, மேலே செம்பு மட்டும் நிற்கும். அந்தச் சிவப்பு அதுதான். மெருகுக்காரர் மேல்தோலைச் சுரண்டித்தான் மஞ்சளை மீட்டார். அம்மன் முகத்தின் மூக்கு கொஞ்சம் மழுங்கிப் போயிற்று. பத்து நிமிடத்துக்கு மேல் எந்தப் புளிப்பிலும் ஊறவைக்காதீர்கள்.

கடையில் விற்கும் பவுடர் போடலாமா?

பீதாம்பரி போன்ற பவுடர்கள் வேகமாக வேலை செய்யும். அவசரத்துக்குப் போடலாம். அதிலும் அமிலம் உண்டு, சொரசொரப்பும் உண்டு. வாராவாரம் அதையே போட்டுத் தேய்த்தால் நுண்ணிய வேலைப்பாடு மழுங்கும். நான் மாதம் ஒரு முறைக்கு மேல் தொடுவதில்லை. நைவேத்தியக் கிண்ணத்துக்குப் போட்டால் இரண்டு மடங்கு அலசுங்கள்.

இன்னொன்று: புது பித்தளைச் சாமான் சிலவற்றின் மேல் கறுக்காமல் இருக்கக் கண்ணாடி போன்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். அலங்காரப் பொருளுக்கு அது சரி. விளக்கில் திரி பற்றும் இடத்தில் அது கருகிப் பழுப்பாகும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பச்சையாகப் பூத்திருக்கிறதே, அது என்ன?

களிம்பு. ‘செம்பில் களிம்பு போல’ என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். உயிரோடு கூடவே பிறந்தது என்று அர்த்தம். உங்கள் தாம்பாளத்தில் இருப்பது அவ்வளவு பழையது இல்லை, போன வாரத்து ஈரம். புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் களிம்பு வாய்க்குள் போகக் கூடாது. தீர்த்தம் எடுக்கும் உத்தரணியிலும் பஞ்சபாத்திரத்தின் உள் விளிம்பிலும் வாரத்துக்கு ஒரு முறையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தீர்த்தம், பஞ்சாமிர்தம் எல்லாம் செம்பிலும் பித்தளையிலும் வைக்கலாமா?

தண்ணீரும் துளசியும் வைக்கலாம், தினமும் மாற்றிவிட வேண்டும். தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சம்பழ சாதம், புளியோதரை போன்ற புளிப்பு எதுவும் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்து உணவில் இறக்கிவிடும், வயிற்றைப் புரட்டும். இதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். ‘ஈயம் பூசலையா, ஈயம்’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் பூசியது வெள்ளீயம். காரீயம் வேறு, அது விஷம். இன்று பூசுகிறவர் கிடைத்தால் எந்த ஈயம் என்று கேட்டுப் பூசுங்கள். நான் புளிப்பு நைவேத்தியத்தை வெள்ளிக் கிண்ணத்திலோ வாழை இலையிலோ வைத்துவிடுகிறேன்.

வெள்ளி கறுத்தால்?

திருநீறுதான். சுத்தமான திருநீற்றை விரலில் தொட்டு மெதுவாகத் தேய்த்து மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். பற்பசை வேண்டாம், கீறும். காற்றில் இருக்கும் கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு. வெள்ளிக் கிண்ணத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால் அதே இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும்.

அதிகமாகக் கறுத்திருந்தால் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளியை அதன் மேல் படும்படி வைத்து, சமையல் சோடாவைத் தூவி கொதிநீர் ஊற்றுங்கள். அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம், கந்தகம் விடைபெறுகிறது. அரக்கு நிரப்பியதையும் கல் பதித்ததையும் இதில் போடவே கூடாது.

விக்கிரகங்களையும் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளை விக்கிரகத்தை எப்போதாவது, மிக மென்மையாக. பஞ்சலோகத்தை நான் தொடமாட்டேன். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒரு சிலை போல இன்னொன்று இருக்காது. கண்ணும் நகமும் உளியால் திருத்தியவை. அதை நாரால் தேய்த்து அழிக்க நமக்கு மனசு வரக் கூடாது. தண்ணீர் அபிஷேகம், மெல்லிய துணி, அது போதும். பழைய பஞ்சலோகத்தின் கருமை அழகுதான்.

வெள்ளைப் பளிங்குச் சிலைக்கும் சங்குக்கும் புளி, எலுமிச்சை இரண்டுமே ஆகாது. இரண்டும் சுண்ணாம்பு வகை, புளிப்பு பட்டால் அரித்துவிடும்.

வலம்புரிச் சங்கு உண்மையானதா என்று எப்படித் தெரியும்?

நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்குகள் அநேகமாக எல்லாமே இடம்புரி. வலம்புரி அபூர்வம், அதனால்தான் அந்த விலை. அமெரிக்கக் கடற்கரையில் வேறு ஒரு சங்கு இனம் உண்டு, அது இயற்கையிலேயே வலம்புரி போலத்தான் சுழிந்திருக்கும், ஏராளமாகவும் கிடைக்கும். அதைத்தான் பல இடங்களில் வலம்புரி என்று தலையில் கட்டுகிறார்கள். வாய்க்குள் எட்டிப் பாருங்கள். நடுத்தண்டில் மூன்று நான்கு வரம்புகள் மடிப்பு மடிப்பாக ஓடினால் நம் கடல் சங்கு. வழவழவென்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

எந்த நாளில் விளக்கு துலக்கலாம்?

செவ்வாயும் வெள்ளியும் துலக்குவதில்லை என்பது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். திங்களும் வியாழனும் துலக்கி, மறுநாளைக்குத் தயாராக வைப்பார்கள்.

எந்த எண்ணெய், எந்தத் திரி?

நல்லெண்ணெய் அல்லது நெய். விளக்கெண்ணெய்க்கு அந்தப் பெயரே விளக்கால் வந்தது, கெட்டியாக இருப்பதால் நின்று எரியும். கேரளத்திலும் குமரி மாவட்டத்துப் பக்கமும் தேங்காய் எண்ணெய் ஊற்றுவார்கள். ‘தீப எண்ணெய்’ என்று கடையில் வருவதன் லேபிளைப் படியுங்கள், என்ன கலந்திருக்கிறது என்றும் சமையலுக்கு ஆகாது என்றும் பெரும்பாலும் போட்டிருக்கும். அதைச் சமையலறையில் வைக்காதீர்கள். வாசனை போட்ட மலிவு எண்ணெயில் எரியும் விளக்கு சீக்கிரம் கறுக்கும், துலக்கும்போது வித்தியாசம் தெரியும்.

திரியைத் தினமும் மாற்றுங்கள். மூக்கை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புகை, சுவரெல்லாம் கரி.

விளக்கை வாயால் ஊதி அணைக்கலாமா?

‘அணை’ என்ற சொல்லையே எங்கள் பாட்டி சொல்லவிடமாட்டாள். குளிர வைக்க வேண்டும், அல்லது மலையேற்ற வேண்டும். பூவின் காம்பாலோ தூண்டுகோலாலோ திரியை எண்ணெய்க்குள் மெல்ல இழுத்துவிட்டால் தானே குளிர்ந்துவிடும். ஊதினால் கரி பறந்து, நேற்றுத் துலக்கிய தட்டில் விழும் என்பது நான் சொல்லும் காரணம்.

சாம்பிராணி, கற்பூரம்?

தூபக்காலில் கொட்டாங்கச்சிக் கரி நெருப்பைப் போட்டு சாம்பிராணி தூவுவதுதான் சுகம். அடுக்குமாடியில் முடியாதவர்கள் கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றுகிறார்கள். அந்தப் பெயரை யார் வைத்தாரோ! தூபக்காலுக்குக் கைப்பிடி மரத்தில் இருக்கட்டும். கற்பூரத் தட்டில் படியும் கரியை, சூடு ஆறியதும் அன்றைக்கே துடைத்தால் துணியிலேயே வந்துவிடும். கற்பூரத்தைக் குழந்தை எடுத்து விழுங்கினால் வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து. சிமிழை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாமா?

விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் துணியில் சுற்றிப் பெட்டியில் போடுங்கள். எண்ணெய் வாடை போகத் துலக்கிவிட்டுப் போங்கள். கற்பூரம் விமானத்தில் கூடாது, தீப்பற்றும் பொருள். கொப்பரைத் தேங்காயையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அங்கே போய் ஏற்றும்போது கூரையில் இருக்கும் புகை மணிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

இதெல்லாம் வாங்க வசதியில்லை. எவர்சில்வர் தட்டும் அகல் விளக்கும்தான் இருக்கின்றன.

இரும்பு சேர்ந்தது என்பதால் பூஜைக்கு எவர்சில்வர் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தட்டுக்குப் பதில் வாழை இலை வையுங்கள், அது யாருக்கும் ஆட்சேபம் இல்லாதது. மண் அகலும் ரொம்பப் பழைய விளக்குதான். வாயில் தண்ணீர் கொண்டுவந்து உமிழ்ந்து அபிஷேகம் செய்த கண்ணப்பரை நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிறோம். பஞ்சபாத்திரம் இல்லை என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம்.

மாமியார் கொடுத்த விளக்கின் அன்னம் உடைந்துவிட்டது. மாற்றி வேறு வாங்கிவிடலாமா?

எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பாதத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், பெயர் வெட்டியிருக்கலாம். அந்தக் காலத்தில் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். பாகம் பாகமாகச் சேர்த்த விளக்கு என்பதால் உடைந்த துண்டை மட்டும் புதிதாக வார்த்துப் போடலாம். அளவை எழுதிக்கொண்டு போனால் போதாது. தண்டையே கையில் எடுத்துப் போங்கள், பழைய மறைக்குப் புது மறை நேராகப் பொருந்தாது, பட்டறையில் வைத்துத்தான் கடைய வேண்டும். என் பாட்டி விளக்குக்கு அப்படித்தான் செய்தோம். புது அன்னம் முதலில் ஒட்டாத பளபளப்பாக இருந்தது. கீழே இருக்கும் தண்டின் நிறத்துக்கு அது வந்து சேர இரண்டு வருடம் ஆயிற்று.